வாய் வெண்படலமும் மஞ்சள் மருந்தும்

மஞ்சளின் பெருமையை நாம் யாவரும் அறிவோம். மங்கல காரியம் எதுவும் மஞ்சளின்றித் தொடங்குவதில்லை. காயம் பட்டால் மஞ்சள் பற்றுப் போடுகிறோம். சளி பிடித்தால் பாலில் மஞ்சள்தூள் கலந்து பருகுகிறோம். அண்மைக் காலத்தில் இம்மஞ்சளைக் குறித்து இன்னொரு செய்தியும் ஊர்தோறும் பரவி வருகிறது. வாயில் தோன்றும் வெள்ளைத் திட்டுகளையும், புற்றுநோய்க்கு அறிகுறியான புண்களையும் மஞ்சளே ஆற்றிவிடும் என்பது அச்செய்தி. கிராமங்களில் சுற்றுப்பயணம் செய்யும்போது, "இது மெய்தானா?" என்ற வினாவை நாம் பலமுறை கேட்கிறோம்.

இவ்வினாவை அலட்சியம் செய்தல் கூடாது. இதற்குத் தவறான விடை கூறினால் ஓர் உயிர் போகக்கூடும். மஞ்சளிலுள்ள ஒரு பொருளை மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் முறைப்படி சோதித்து, ஓரளவு பயன் கண்டிருப்பது உண்மையே. ஆயினும் ஆராய்ச்சியில் கண்ட பயன் வேறு, ஊரில் பேசப்படும் பயன் வேறு. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஊராட்சி உறுப்பினர்களும் உழவர் பெருமக்களும் தெளிவாக உணர வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

புற்றுநோய்க்கு முந்திய நிலை

வாய்ப்புற்று பெரும்பாலும் ஒரே நாளில் தோன்றுவதன்று. அது வருவதற்குப் பல மாதங்களுக்கு முன்போ, பல ஆண்டுகளுக்கு முன்போ வாயின் உட்தோலில் சில மாறுதல்கள் ஏற்படுவதுண்டு. அவற்றுள் முக்கியமானவை மூன்று.

முதலாவது, வெண்படலம். மருத்துவர்கள் இதனை லூக்கோபிளேக்கியா என்பர். கன்னத்தின் உட்புறத்திலோ, நாக்கின் ஓரத்திலோ, ஈற்றிலோ வெண்ணிறத் திட்டாகத் தோன்றும். துணியால் துடைத்தாலும் அகலாது. வாயில் மாவு போலப் படியும் வேறொரு நோய் துடைத்தால் பெரும்பாலும் அகன்றுவிடும். இதுவே இரண்டிற்கும் உள்ள வேறுபாடு. வெண்படலம் பெரும்பாலும் வலிப்பதில்லை. ஆதலின் அதனை யாரும் பொருட்படுத்துவதுமில்லை.

இரண்டாவது, செம்படலம். வெல்வெட்டுத் துணி போன்று சிவந்து காணப்படும். வெண்படலத்தினும் இது மிகக் கொடியது. வெள்ளையும் சிவப்பும் கலந்து வந்தாலும் அவ்வாறே அஞ்சத்தக்கது.

மூன்றாவது, வாய் இறுக்க நோய். பாக்கு மெல்லுவோருக்கே பெரும்பாலும் இது வருகிறது. முதலில் காரம் பட்டால் வாய் எரியும். பின்னர்க் கன்னத்தின் உட்பகுதி வெளுத்து, நார் போல இறுகும். வாயை முழுதும் திறக்க முடியாத நிலை நாளடைவில் ஏற்படும்.

இம்மூன்றும் தம்மளவில் புற்றுநோய் அல்ல. வெண்படலம் கண்டவர்களுள் மிகப் பலருக்கு அது புற்றாக மாறுவதில்லை. சிலருக்கு மாறுகிறது. அச்சிலர் யாவர் என்பதைக் கண்ணால் பார்த்து எவராலும் கூற இயலாது. சிறிதளவு தசையை எடுத்து நுண்பெருக்கியில் பார்க்கும் திசுச் சோதனை ஒன்றே அதனைக் காட்டும்.

இந்நிலைகளுக்கு முதற்காரணம் புகையிலையும் பாக்குமாகும். பீடி, சுருட்டு, சிகரெட்டு, வாயில் அடக்கும் புகையிலை, குட்கா, சென்னையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் மறைவாக விற்கப்படும் மாவா ஆகிய எல்லாம் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. புகையிலை சேராத வெறும் பாக்கும் மனிதருக்குப் புற்றுநோயை விளைவிப்பது என உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-ஆம் ஆண்டு அறிவித்தது. மதுவும் சேர்ந்தால் தீங்கு பன்மடங்காகிறது. இந்தியாவில் ஆண்டுதோறும் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பேருக்கு மேல் உதடு, வாய் ஆகியவற்றில் புற்றுநோய் காண்கிறது என்பது 2022-ஆம் ஆண்டிற்கான உலக மதிப்பீடு.

மஞ்சளில் உள்ள பொருள்

மஞ்சளுக்கு அதன் நிறத்தை அளிப்பது குர்குமின் என்னும் பொருளாகும். 1815-ஆம் ஆண்டில் ஐரோப்பிய அறிஞர்களான வோகல், பெல்லத்தியே என்போர் இதனை மஞ்சளிலிருந்து முதன்முதலாகப் பிரித்தெடுத்தனர். இதன் வேதியியல் அமைப்பு 1910-இல் வெளியாயிற்று. புண்ணின் அழற்சியைத் தணிக்கும் தன்மையும், உயிரணுக்களைக் கெடுக்கும் சில வேதிமாற்றங்களைத் தடுக்கும் தன்மையும் இதற்கு உண்டு என ஆய்வுக்கூடங்களில் கண்டுள்ளனர்.

மஞ்சளைப் பயிரிடும் உழவர்களுக்கு ஒரு செய்தி சுவையாக இருக்கும். 1868-இல் சென்னையை அடுத்த சைதாப்பேட்டையில் ஒரு வேளாண்மைப் பள்ளி தொடங்கப்பெற்றது. 1906-இல் அது கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டு, பிற்காலத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. கோ 1 என்னும் மஞ்சள் வகையும், பவானிசாகர் ஆராய்ச்சி நிலையத்தின் பெயரைத் தாங்கிய பி.எஸ்.ஆர். 1, பி.எஸ்.ஆர். 2 ஆகிய வகைகளும் அப்பல்கலைக்கழகம் அளித்தவையே. ஈரோடு மஞ்சளுக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது.

மஞ்சளால் புண் ஆற்றும் முறையைத் தமது கண்டுபிடிப்பாகக் காட்டி, அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தார் 1995-இல் காப்புரிமை பெற்றனர். இது நம் நாட்டு மக்கள் நெடுங்காலமாக அறிந்த முறை என்று இந்திய அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றம் சான்று காட்டி வாதிட்டது. 1997-இல் அவ்வுரிமை நீக்கப்பட்டது. நம் முன்னோர் அறிவை அன்று காத்தது சான்றே. அம்மஞ்சளால் இன்ன நோய் தீரும் என்று நாம் கூறும்போதும் அதே போன்ற சான்று வேண்டும்.

ஆராய்ச்சி கண்ட முடிவுகள்

முதலில் கேரளத்துச் செய்தியைக் கூறுவோம். திருச்சூரிலுள்ள அமலா புற்றுநோய் மருத்துவமனையில், உடலின் வெளியே புற்றுப்புண் கண்ட 62 நோயாளிகளுக்கு மஞ்சள் சாறும் குர்குமின் களிம்பும் இட்டுப் பார்த்தனர். 1987-இல் இதன் முடிவு வெளியாயிற்று. பெரும்பாலோருக்குப் புண்ணின் நாற்றமும் அரிப்பும் குறைந்தன. ஆனால் புண்ணின் அளவும் வலியும் குறைந்தவர்கள் பத்தில் ஒருவரே. நோயாளியின் துன்பம் தணிந்தது, நோய் தீரவில்லை என்பதே இதன் பொருள்.

அடுத்தது தைவான் நாட்டில் நடந்த சோதனை. 2001-இல் வெளியான இச்சோதனையில் 25 நோயாளிகள் குர்குமினை மூன்று மாதங்கள் உட்கொண்டனர். நாளொன்றுக்கு 8 கிராம் வரை உண்டும் தீய விளைவு காணப்படவில்லை. அவர்களுள் வாய் வெண்படலம் உடையோர் எழுவர். இருவருக்குத் திசுவில் முன்னேற்றம் தெரிந்தது. ஒருவருக்கோ, மருந்து உண்டும், படலம் புற்றுநோயாகவே மாறிவிட்டது. இவ்வொருவரை நாம் மறத்தல் ஆகாது.

இப்பொருளில் மிக விரிவான சோதனை நம் தென்னிந்தியாவிலேயே நடைபெற்றது. டாக்டர் மோனி ஆபிரகாம் குரியாக்கோஸ் முதலிய மருத்துவர்கள் இதனை நடத்தி 2016-இல் முடிவை வெளியிட்டனர். வெண்படலம் உள்ள 223 பேரை இரு பிரிவாகப் பிரித்தனர். 111 பேருக்கு நாள்தோறும் 3.6 கிராம் குர்குமின் ஆறு மாதங்கள் அளித்தனர். 112 பேருக்கு, தோற்றத்தில் அதையே ஒத்த வெற்று மருந்து அளித்தனர். எவர் எதனை உண்கிறார் என்பது நோயாளிக்கும் தெரியாது, அவரைச் சோதிக்கும் மருத்துவருக்கும் தெரியாது. மனச்சாய்வு புகாதபடி காப்பதற்கே இவ்வேற்பாடு.

முடிவு என்ன? குர்குமின் உண்டோரில் 75 பேருக்கு, அதாவது நூற்றுக்குச் சுமார் 67 பேருக்கு, படலம் சுருங்கியது அல்லது மறைந்தது. வெற்று மருந்து உண்டோரில் 62 பேருக்கு, அதாவது நூற்றுக்கு 55 பேருக்கு, அவ்வாறே ஆயிற்று. ஆகவே மஞ்சள் மருந்தின் தனிப்பயன் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் அளவில் நிற்கிறது. இது புறக்கணிக்கத்தக்கதன்று. அற்புதமும் அன்று. மேலும், திசுவை எடுத்து நுண்பெருக்கியில் மட்டும் பார்த்தபோது இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணவில்லை. ஆறு மாதங்களில் ஓரளவே குணம் கண்டவர்கள் மருந்தைத் தொடர்ந்து உண்டபோது அதனால் மேலும் பயன் விளையவில்லை.

வெற்று மருந்திலும் பாதிக்கு மேற்பட்டோர் எப்படிக் குணம் கண்டனர் என்று கேட்கலாம். வெண்படலம் தானாகவே கூடியும் குறையும் இயல்புடையது. ஆகையால், "நான் மஞ்சள் தின்றேன், மறைந்தது" என்று ஒருவர் கூறும் அனுபவத்தை மட்டும் நம்பி மருந்தின் ஆற்றலை அளவிட இயலாது. வெற்று மருந்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் முறையின் அவசியம் இதனால் விளங்கும்.

வாய் இறுக்க நோய்க்கும் நம் நாட்டுப் பல் மருத்துவக் கல்லூரிகள் சிலவற்றில் குர்குமினைச் சிறு அளவில் சோதித்துள்ளனர். வாய் எரிச்சல் தணிந்ததும், வாய் திறக்கும் அளவு சிறிது கூடியதும் அவற்றில் தெரிகின்றன. ஆயினும் பாக்கை விடாதவருக்கு எம்மருந்தும் நிலைத்த பயன் தராது.

சமையலறை மஞ்சள் போதுமா?

உழவர்கள் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். நல்ல மஞ்சளிலும் நூறு கிராமுக்குச் சுமார் 3 கிராம் அளவே குர்குமின் உண்டு. அச்சோதனையில் நாள்தோறும் கொடுத்தது 3.6 கிராம். அதனை மஞ்சள்தூளாகப் பெற வேண்டுமானால் ஒருவர் நாளொன்றுக்கு 120 கிராம் உண்ண வேண்டும். ஆறு மாதங்களுக்கு ஏறத்தாழ 22 கிலோ ஆகும். குழம்பில் இடும் சிட்டிகை மஞ்சள் உணவுக்கு நன்று, ஆனால் அது அம்மருந்துக்கு ஈடாகாது.

உண்ட குர்குமினும் முழுமையாக இரத்தத்தில் சேர்வதில்லை. பெரும்பகுதி வீணாகிறது. மிளகிலுள்ள பைப்பரின் என்னும் பொருளைச் சேர்த்தால் இரத்தத்தில் அதன் அளவு இருபது மடங்கு கூடுகிறது எனப் பெங்களூர் ஆராய்ச்சியாளர்கள் 1998-இல் கண்டனர். இதனைக் கேட்டு, கடையில் மிளகுச் சத்துடன் விற்கும் குர்குமின் மாத்திரைகளைத் தாமே வாங்கி உண்ணுதல் தகாது. அத்தகைய மாத்திரைகளை உண்ட சிலருக்குக் கல்லீரல் கெட்டதை இத்தாலியிலும் அமெரிக்காவிலும் அண்மை ஆண்டுகளில் மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். பித்தப்பையில் கல் உள்ளவர்களும், இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போரும், கருவுற்ற மகளிரும் மருத்துவரைக் கேளாது இவற்றைத் தொடலாகாது.

மஞ்சள் பளிச்சென்று தோன்றுவதற்காக ஈயம் கலந்த மஞ்சள் வர்ணத்தைச் சிலர் பூசுகின்றனர். இது சட்டப்படி குற்றம். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. ஆகவே, மருந்து என்று எண்ணிக் கலப்பட மஞ்சளை மிகுதியாக உண்பவர் நஞ்சையே மிகுதியாக உண்டவராவார். மஞ்சள் விளைவிக்கும் உழவர்கள் வர்ணம் பூசாத சரக்கையே சந்தைக்கு அனுப்புதல் அவர்தம் கடமையும், நற்பெயருக்குக் காவலும் ஆகும்.

பழக்கத்தை விடுதலே முதல் மருந்து

திருவனந்தபுரத்தில் வெண்படலத்திற்கு வைட்டமின் 'ஏ' ஓராண்டு கொடுத்துப் பார்த்தனர். அச்சோதனையின் முடிவு 1997-இல் வெளியாயிற்று. சுமார் பாதிப்பேருக்குப் படலம் முற்றும் மறைந்தது. ஆனால் மருந்தை நிறுத்தியபின் அவர்களுள் பெரும்பாலோருக்கு மீண்டும் தோன்றிவிட்டது. மருந்தால் மறைந்தது மருந்தோடு திரும்பி வரலாம் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

பழக்கத்தை விட்டவர் நிலை என்ன? பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் கேரளம், ஆந்திரம், குஜராத் ஆகிய பகுதிகளின் கிராமங்களில் புகையிலை உபயோகிக்கும் 36,000 பேரை ஆண்டுதோறும் சந்தித்து, அப்பழக்கத்தின் தீமையை எடுத்துரைத்து வந்தனர். பலர் பழக்கத்தை விட்டனர் அல்லது குறைத்தனர். அறிவுரை பெற்றோரிடையே புதிதாக வெண்படலம் தோன்றுவது குறைந்தது என 1986-இல் அவர்கள் அறிவித்தனர். காசு செலவில்லாத மருந்து இது. இதற்கு இணையான மாத்திரை இதுவரை இல்லை.

பதின்மூன்று ஊராட்சிகள் காட்டிய வழி

ஊராட்சி உறுப்பினர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய பகுதி இதுவாகும். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 ஊராட்சிகளைத் தேர்ந்தெடுத்து, டாக்டர் சங்கரநாராயணன் முதலியோர் 1996-இல் ஒரு பெரும் பணியைத் தொடங்கினர். ஏழு ஊராட்சிகளில், மருத்துவர் அல்லாத பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று, 35 வயது நிரம்பிய ஆண் பெண் அனைவரின் வாயையும் வெளிச்சத்தில் கண்ணால் பார்த்தனர். ஐயம் கொண்டவர்களை மருத்துவரிடம் அனுப்பினர். மற்ற ஆறு ஊராட்சிகளில் வழக்கமான மருத்துவ வசதியே இருந்தது. மூன்று சுற்றுகள் இவ்வாறு பார்த்தனர்.

2005-இல் முடிவு வெளியாயிற்று. புகையிலை அல்லது மது பழக்கமுடையோரிடையே, வாயைப் பார்த்துவந்த ஊராட்சிகளில் வாய்ப்புற்றால் நேரும் மரணம் நூற்றுக்கு 34 பங்கு குறைந்திருந்தது. இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. வெளிச்சம், பயிற்சி பெற்ற கண், உரிய காலத்தில் மருத்துவரிடம் செல்லும் ஏற்பாடு ஆகிய மூன்றுமே போதுமானவையாக இருந்தன.

மஞ்சளை நம்பி ஆறு மாதம் காத்திருப்பவர் இழப்பது இக்காலத்தைத்தான். தொடக்கத்தில் கண்ட வாய்ப்புற்றைச் சிறிய அறுவையாலோ கதிர்வீச்சாலோ பெரும்பாலும் குணப்படுத்தலாம். கழுத்து நெறிகளுக்குப் பரவியபின் அதே நோய் தாடையையும் நாக்கையும் கேட்கிறது. பலரது உயிரையும் கேட்கிறது.

வாயைப் பார்க்கும் முறை

மாதம் ஒருமுறை பகல் வெளிச்சத்தில், கண்ணாடியின் முன் நின்று, வாயைக் கொப்பளித்துவிட்டுப் பின்வருமாறு பார்த்தல் நன்று.

1. உதடுகளை வெளியே மடக்கி உட்புறத்தையும் ஈறுகளையும் பார்க்க.
2. இரு கன்னங்களையும் விரலால் இழுத்து உட்புறத்தைப் பார்க்க. புகையிலை அடக்கும் இடத்தைத் தனியே கவனிக்க.
3. நாக்கை நீட்டி மேற்புறம், இரு ஓரங்கள், பின்னர் மேலே தூக்கி அடிப்புறம் ஆகியவற்றைப் பார்க்க.
4. தலையைச் சாய்த்து அண்ணத்தைப் பார்க்க.
5. தம் கையின் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வாயினுள் செலுத்த இயலுகிறதா என்று பார்க்க. இயலவில்லையெனில் வாய் இறுகத் தொடங்கியிருக்கலாம்.
6. கழுத்தின் இருபுறமும் கட்டி உள்ளதா எனத் தடவிப் பார்க்க.

துடைத்தும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரங்களில் ஆறாத புண், காரணமின்றி ஆடும் பல், விழுங்குவதில் தடை, கழுத்தில் கட்டி ஆகியவற்றுள் எது தோன்றினும் தாமதமின்றி மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும். கூரிய பல் உராய்ந்து புண் ஆகியிருந்தாலும், அப்பல்லைச் சரிசெய்தபின் இரண்டு வாரங்களில் புண் ஆற வேண்டும். ஆறாவிடில் சோதனை அவசியம்.

ஊராட்சிகள் செய்யத்தக்கவை

ஊராட்சிகளின் கையில் இருப்பவை பல. அவற்றுள் உடனே செய்யத்தக்கவற்றைக் கூறுகிறோம்.

ஒன்று: 30 வயதுக்கு மேற்பட்டோருக்கு வாய்ப்புற்றுப் பரிசோதனை செய்தல் அரசின் தொற்றாநோய்த் திட்டத்தில் அடங்கியுள்ளது. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் ஊழியர்களும் வீடுதேடி வருகின்றனர். ஊராட்சி உறுப்பினர், தம் வார்டில் யார் யார் பரிசோதனை செய்துகொண்டனர் என்ற பட்டியலைக் கிராம சுகாதாரச் செவிலியருடன் சேர்ந்து சரிபார்க்கலாம். புகையிலை, பாக்குப் பழக்கமுடையவர்களின் பெயரை அதில் முதலில் எழுதுக.

இரண்டு: மருத்துவரிடம் அனுப்பப்பட்டவர் உண்மையில் சென்றாரா என்று விசாரித்தறிக. கூலி போய்விடும் என்ற அச்சத்தால் பலர் செல்வதில்லை. ஒரே நாளில் சிலரைச் சேர்த்துத் துணையோடு அனுப்பினால் இத்தடை நீங்கும்.

மூன்று: பள்ளியிலிருந்து 100 கஜ தூரத்திற்குள் புகையிலைப் பொருள் விற்றல் 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. ஊராட்சி எல்லையிலுள்ள கடைகளில் இது கடைப்பிடிக்கப்படுகிறதா என்று பார்வையிடுக. குட்கா, மாவா விற்பனை தெரிந்தால் உரிய அலுவலருக்கு அறிவிக்க.

நான்கு: கிராம சபைக் கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்கி வாயைப் பார்க்கும் முறையை விளக்கச் செய்க. பழக்கத்தை விட விரும்புவோருக்குத் தேசியப் புகையிலை மறப்பு உதவி எண் 1800-112-356 என்பதை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வைக்க.

ஐந்து: மஞ்சள் வேகவைக்கும் களத்திலும், நடவு வயலிலும், பிற வேலைத்தலங்களிலும் களைப்புத் தெரியாதிருக்கப் புகையிலை அடக்கும் வழக்கம் உண்டு. அங்கு நல்ல குடிநீரும் சிறிது ஓய்வும் கிடைக்கச் செய்தால் அவ்வழக்கத்திற்கு ஒரு காரணம் குறையும்.

எங்குச் செல்லலாம்?

முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்க. அங்கிருந்து மாவட்ட மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அனுப்புவர். அலுவல் நிமித்தம் சைதாப்பேட்டையிலுள்ள பனகல் மாளிகைக்கு, ஊரக வளர்ச்சி இயக்ககத்துக்கு, வந்து செல்லும் ஊராட்சித் தலைவர்கள் பலர். அங்கிருந்து சில கல் தொலைவிலேயே அடையாறு புற்றுநோய் நிலையம் உள்ளது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் பெருமுயற்சியால் 1954-இல் தோன்றிய நிலையம் அது. சென்னையில் 1953-இல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரியிலும் வாய் நோய்களுக்குச் சிகிச்சை உண்டு. இவற்றின் இருப்பிடத்தை அறிந்து சென்று, ஊரில் தேவைப்படுவோருக்கு வழிகாட்டுதல் தலைவர்களுக்கு ஏற்ற தொண்டாகும்.

வெண்படலம் என்று மருத்துவர் உறுதிசெய்து, திசுச் சோதனையில் புற்றில்லை எனக் கண்டபின், குர்குமின் கொடுக்கலாம் என அவர் கருதினால் அவர் சொல்லும் அளவில் உண்க. அப்போதும் பழக்கத்தை விடுவதும், குறித்த நாளில் மீண்டும் சென்று வாயைக் காட்டுவதும் கட்டாயம். மஞ்சள் இங்குத் துணை மருந்து. சோதனைக்கு அது மாற்றாகாது.

நம் நிலத்தில் விளையும் மஞ்சளுக்கு உலக ஆராய்ச்சியில் இடம் கிடைத்திருப்பது நமக்குப் பெருமையே. அப்பெருமை, நோயாளியை வீட்டிலேயே இருத்தி வைக்கும் காரணமாகிவிடக் கூடாது. வரும் கிராம சபைக் கூட்டத்திற்கு முன், ஊராட்சி உறுப்பினர் ஒவ்வொருவரும் முதலில் தம் வாயையும், பின்னர்த் தம் வீட்டார் வாயையும் பார்த்துவிட்டு, ஊராருக்கும் அம்முறையை எடுத்துக் கூறுவார்களாக.